இடது பெருவிரல்

உறை எண் நாற்பத்தொன்று.
ஒட்டிய விளிம்பைக் கத்தரியால் நறுக்கினேன்.
உள்ளே ஒரே வரி:
முதலில் மருந்து, பிறகு கத்தி.

"யாருங்க எழுதினது?" என்றார் அஞ்சாப்புலி.
யாருமில்லை, கம்ப்யூட்டர்.
இரண்டில் எது நல்லதென்று
பெரிய டாக்டருக்கே தெரியாது,
தெரிந்துகொள்ளத்தான் இந்த ஆய்வு என்றேன்.
"தெரியாதுன்னு சொல்ற ஆஸ்பத்திரிய
இப்பத்தாம்மா பாக்குறேன்."

சம்மதப் படிவம் பதினோரு பக்கம்.
அவர் படிப்பு மூன்றாம் வகுப்பு.
நான் வாசித்தேன்,
சாட்சிக்கு அடுத்த கட்டிலின் மருமகன் நின்றான்.
நீல மையில் தோய்ந்து விழுந்தது
இடது பெருவிரல்.
ஆற்றுச் சுழல் மாதிரி அப்படியொரு சுழி,
நடுவில் பழைய உளிக்காயம் ஒரு கோடு.

கடலூர் முதுநகர் துறைமுகத்தில்
ஐஸ் உடைக்கிற வேலை, இருபத்தேழு வருஷம்.
மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி,
பதினான்கு நாள் மாத்திரை.
விடியற்காலை பஸ்ஸில் வருவார்கள்.
முள்ளோடையில் பாதிப் பேர் இறங்குவார்களாம்.
"முன்ன நானும் அங்கயே எறங்கிடுவேன்" என்றார்,
காத்தாயி முறைத்தாள்.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு
செம்புத் தண்ணீரே கரண்ட் அடித்தது.
மரத்துப்போதல்: பூஜ்யமா, ஒன்றா, இரண்டா?
"பார் ஐஸ் எறங்குற சத்தம் கேட்டாலே
வெரலு சுண்டுது."
சத்தத்துக்கு என்னிடம் கட்டம் இல்லை.
இரண்டு என்று டிக் அடித்தேன்.

நாலாவது சுற்று முடிந்த மாதம்
இரைப்பையில் முக்கால் பங்கை எடுத்தார்கள்.
எண்ணிய நிணக்கணு முப்பத்தொன்று,
கெட்டது இரண்டு.
வஞ்சிரத் தலையை ஒற்றை ஆளாய் முடித்தவர்
இட்லியை நாலாய் வெட்டி
மணிக்கொரு துண்டு தின்றார்.

அப்புறம் ஆய்வு விதி மாறியது.
ஒரு குழாய் ரத்தம் கூடுதல்,
அதற்கொரு புதுச் சம்மதம்.
மையில் தோய்த்தார், வைத்தார், எடுத்தார்.
தாளில் வெறும் நீலத் திட்டு.
சுழியுமில்லை, வரியுமில்லை.
துடைத்து மறுபடி.
மூன்றாம் தடவை அவரே
அடுத்தவர் விரலைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"ரேஷன் கடையிலயும் இதே கததான்,
ரெண்டு மாசமா மெஷினு இவர ஏத்துக்கல."
நீ வைக்கலாமே என்றேன்.
காத்தாயி இரண்டு கையையும் நீட்டினாள்.
இறால் உரித்து உரித்து
அவளுக்கு எப்போதோ போய்விட்டிருந்தது.

பக்கவிளைவுகள் நாற்பத்தாறு,
எல்லாவற்றுக்கும் எண் உண்டு.
கடைசியில் "இதர" என்று
ஒரு வரி இடம் விட்டிருந்தார்கள்.
அரிசி கிடைக்கவில்லை என்று எழுதினேன்.

சென்னையிலிருந்து தணிக்கைக்கு வந்தவர்
சிவப்பில் கேட்டிருந்தார்:
இரண்டு ரேகையும் ஒரே நபருடையவையா?
விளக்கவும்.

மாத்திரை உள்ளங்கைத் தோலை உரிக்கும்,
தோலோடு ரேகையும் போகும், ஆம், ஒரே நபர்தான்.
அனுப்பிவிட்டு
ஆம் என்கிற சொல்லையே
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஐம்பத்தெட்டு கிலோ வந்தவர்
நாற்பத்துமூன்றாய் உட்கார்ந்திருந்தார் வெளியே.

மருந்து நின்று ஐந்தாம் மாதம்,
இப்போது ஐஸ் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார்,
பாரைத் தொடுவதில்லை.
ஜன்னல் வெளிச்சத்தில் விரலைத் தூக்கிக் காட்டினார்.
"அந்தத் தாள எடும்மா, இப்ப வெக்கிறேன்."

அந்தப் பக்கத்தை மூடியாயிற்று, திறக்க முடியாது.
"பரவால்ல" என்று மையைத் தானே திறந்து
மேசைக் காலண்டரில் அன்றைய தேதிமேல் வைத்தார்.
பாதிச் சுழி.
உளிக்காயம் மட்டும் முழுசாக.

முடிவு தெரிய இன்னும் மூன்று வருஷம்.
இன்று காலை உறை எண் நூற்றுப்பதினெட்டு,
நெல்லிக்குப்பத்துத் தையற்காரம்மா.
நறுக்கினேன்.
முதலில் கத்தி.